கடலுக்கும் லீவு

மே மாதம் வந்துவிட்டால் கோத்தகிரிப் பக்கத்து அரவேணுக்காரன் சொந்த ரோட்டைக் கடக்க நல்ல நேரம் பார்க்க வேண்டும். வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று நீதிமன்றம் 2025-இல் நீலகிரிக்கு இ-பாஸ் கணக்கு வைத்தது. அதில் பாதி என் வீட்டு வாசலில் நின்றுதான் ஊட்டிக்கு வழி கேட்டது என்பது என் கணக்கு.

“எல்லாரும் இங்கே வரும்போது நாம அங்கே போயிட்டா என்ன?” என்றேன் மனைவியிடம்.

“எங்கே?”

“கடலுக்கு. கூட்டமில்லாத கிராமம், கண்ணெதிரே பிடிச்ச மீன்.”

பாம்பனில் ஒரு தம்பி உண்டு. கோத்தகிரிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்து பழக்கமானவன். அவனுக்குக் கொடுக்க இரண்டு கிலோ டீத்தூள் எடுத்துக்கொண்டேன். “ராத்திரி கடல்காத்து அடிக்கும்” என்று மனைவி நாலு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் திணித்தாள்.

மலை வளைவுகளில் ஒருநாளும் தலை சுற்றாதவளுக்கு மதுரை தாண்டியதும் சுற்றியது. “வளையவே மாட்டேங்குதே இந்த ரோடு” என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தாள். பாம்பன் பாலத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீழே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே போய்விடும் என்றேன். “குஞ்சப்பனையில யானை நிக்கும்போது நம்ம ரோட்டையும் இப்படித் தூக்கிவிட்டா தேவலை” என்றாள்.

தம்பி வீட்டுப் பக்கம் அப்படியொரு அமைதி. கரையோரம் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. வேப்ப நிழலில் ஒருவர் கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, முடிச்சு முடிச்சாகக் கோத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அமைதி தம்பி! கொடுத்து வைச்சவங்க நீங்க.”

“அமைதியா இல்லாம? தடைக்காலம்லண்ணே!”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகில் வரும் கொஞ்சநஞ்சமும் தங்க விலை. அன்று மத்தியானம் எங்கள் இலையில் கருவாட்டுக் குழம்பு. கோத்தகிரியில் வாரா வாரம் வாங்குகிற அதே நெத்திலி.

சாயங்காலம் என் டீத்தூளில் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். சர்க்கரையைத் தாண்டி உப்பு கரித்தது. நீலகிரி டீயின் மானம் பாம்பன் தண்ணீரில் போனது.

அதை மீட்டுக்கொடுத்தது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் தின்றது போக மிச்சமிருக்கும் சுவர்களைப் பார்த்ததும் அமைதி என்ற வார்த்தையை வாயில் அடக்கிக்கொண்டேன். அங்கே ஒரு பாட்டி, அலைக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டிய குழியிலிருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டார். வாங்கிக் குடித்தேன். எங்கள் மலைச் சுனை மாதிரி இனித்தது. ஒரு பாட்டிலில் வாங்கிவந்து டீ போட்டோம். அது டீ!

கிளம்புகிற அன்று தம்பி தலையைச் சொறிந்தான்.

“வருசத்துல நாங்க சும்மா இருக்கிறது இந்த ரெண்டு மாசந்தான். புள்ளைகளுக்கும் லீவு. அரசாங்கம் குடுத்த தடைக்கால நிவாரணம் 8,000 கையில இருக்கு. அதான்… சனிக்கிழமைக்கு இ-பாஸ் எடுத்துட்டேண்ணே.”

“எந்த ஊருக்கு?”

“உங்க ஊருக்குத்தான். வீடு ரோட்டு மேலதானே, வழி கேட்கவே வேணாம்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத நாலு ஸ்வெட்டரையும் எடுத்து வைத்துவிட்டு, குரங்குக் குல்லாவைத் தம்பியின் தலையில் அளவு பார்த்தாள்.