புதுத் தவளை கண்டுபிடிக்க விரும்புவோர் கவனத்துக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் ஒன்றைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவர் முதலில் ஏற வேண்டியது மலை அல்ல, வனத்துறை அலுவலகப் படி. இந்த மழைக்கு வேண்டிய அனுமதியை இந்த மழையில் கேட்பவர் அப்பாவி. மனு எந்த மேசையில் உறங்குகிறது என்று தேடப் பழகுங்கள். பிறகு காட்டில் தேடுவது சுலபமாகத் தெரியும்.

அனுமதி வந்துவிட்டதா? இரவில், மழையில் இறங்குங்கள். குடை ஆகாது, அதில் விழும் மழைச் சத்தத்தில் தவளைச் சத்தம் கேட்காது. அட்டைக்குப் பயந்தால் புகையிலை, உப்பு, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் பூசிக்கொள்ளுங்கள், அட்டை எப்படியும் ஏறும். புதருக்குள் 'டிக், டிக்' என்று ஓர் ஆண் தவளை கூப்பிடும். நீங்கள் ஓரடி வைத்தால் நிறுத்திவிடும். நின்றால் மறுபடி தொடங்கும். விளக்கை அணைத்து, மூச்சைப் பிடித்து, அரை அடி அரை அடியாக நகர்ந்து, இடுப்பு ஒடிந்த பிறகு பார்த்தால், மூக்குக்கு நேரே ஓர் இலையில் தொண்டைப்பையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உடம்பு கட்டைவிரல் நகத்தளவு. மிகைப்படுத்தவில்லை: 2017-ல் சோனாலி கார்க், எஸ்.டி. பிஜு குழுவினர் கேரள, தமிழக மலைகளிலிருந்து ஏழு புதிய இரவுத் தவளைகளை அறிவித்தார்கள். அவற்றில் நான்கு நகத்தின் மேல் உட்காரக்கூடியவை.

பிடித்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். உடனே படம் எடுங்கள். கெடாமல் வைக்கச் சாராயத்தில் போட்டால் தவளையின் பச்சையும் மஞ்சளும் வெளுத்துப்போகும். சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். டிஎன்ஏவுக்குத் துளித் தசை எடுத்துவையுங்கள். பிறகு மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை, கண், செவிப்பறை, விரல், விரலிடைச் சவ்வு என்று கழுத்துவலி வரும்வரை அளக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். இத்தனை மரியாதைக்குப் பிறகு தவளைக்குக் கிடைக்கும் பதவி ஹோலோடைப். அதாவது, தன் இனம் முழுவதற்கும் சாட்சியாக ஓர் அருங்காட்சியகப் பாட்டிலில் ஆயுள் முடிந்த பிறகும் குடியிருப்பது.

பாட்டிலைப் பத்திரமாக வையுங்கள், இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெங்களூரின் சி.ஆர். நாராயண ராவ் 1937-ல் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றைப் புதிதென்று விவரித்தார். அந்த மாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. அவர் சொன்ன தவளை எது என்று பின்வந்தவர்கள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம். சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது இந்தத் துறையில் நாகரிகம் இல்லை. மந்திரி பெயரை வைக்கலாம். ஆனால் ஆட்சி மாறினாலும் தவளையின் பெயர் மாறாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிடைத்து 2017-ல் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளைக்கு, அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். அப்படி வையுங்கள்.

கடைசியாக, 'கண்டுபிடித்தேன்' என்று அறிவிக்கும் முன் ஊர்க்காரர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், சிரித்துவிடுவார்கள். முதல் ஊதாத் தவளையை பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி பாசூயிட்டும் 2003-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இதன் உறவுகள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன என்று உலகம் வாய்பிளந்தது. இதன் தலைப்பிரட்டையோ 1918-லேயே, யாருடைய பிள்ளை என்று தெரியாமல், அறிவியல் ஏட்டில் ஏறியிருந்தது. இடுக்கி மலைப் பழங்குடிகள் அந்தத் தலைப்பிரட்டைகளை ஓடையில் பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டு வந்தவர்கள். சாப்பிட்டார்கள், ஹோலோடைப் வைக்கவில்லை. அதனால் கணக்கில் வரவில்லை.

ஆகவே கட்டுரையின் நன்றியுரையில், எந்தக் கல்லைப் புரட்ட வேண்டும் என்று காட்டியவரை 'உள்ளூர் உதவியாளர்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அவருக்கும் பெயர் உண்டு. கேட்டு, பிழையில்லாமல் எழுதுங்கள்.