உலகத் தடகள அமைப்புக்குத் தில்லையடியிலிருந்து ஒரு விண்ணப்பம்

உலகத் தடகள அமைப்பு,
மொனாக்கோ.

பொருள்: 1990 ஒக்டோபரில் தொடங்கிய நெடுந்தூர ஓட்டத்தைப் பதிவேட்டில் சேர்த்தல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே,

ஏப்ரல் தோறும் நடக்கும் பொஸ்டன் மரதனைப் பார்த்துவிட்டு எழுதுகிறோம். 1897இல் தொடங்கிய ஓட்டம்; பழைய நகரம், மேடும் பள்ளமுமான பாதை. 32 கிலோமீற்றர் ஓடிக் களைத்தவனை நெஞ்சு வெடிக்க வைக்கும் ஏற்றம் ஒன்றும் உண்டு. 2011இல் கென்யாவின் ஜெப்ரி முத்தாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடி முடித்தார். அதுவரை அவ்வளவு விரைவாக மரதன் ஓடியவர் எவருமில்லை. ஆனாலும் அது உலக சாதனை இல்லை என்றீர்கள். தொடக்கமும் முடிவும் ஓட்டத்தின் பாதித் தூரத்துக்கு மேல் விலகக் கூடாதாம்; பாதை கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் இறங்கக் கூடாதாம். பொஸ்டன் இரண்டிலும் தவறிவிட்டது.

இவ்வளவு கறாரானவர்களிடம்தான் எங்கள் வழக்கை ஒப்படைக்க வேண்டும்.

தொடக்க இடம்: யாழ்ப்பாணம், ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானம். விளையாட்டு மைதானமேதான். திகதி: 1990 ஒக்டோபர் 30. ஏற்பாட்டாளர்: விடுதலைப் புலிகள். ஒலிபெருக்கியில் அறிவித்து அழைத்தார்கள்; ஊரை விட்டு வெளியேற ஆயத்தமாக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வயதுப் பிரிவு, தகுதி நேரம் எதுவும் இல்லை. தொட்டில் பிள்ளையும் ஓடியது, ஊன்றுகோலோடு மூத்தவாப்பாவும் ஓடினார். மன்னாரில் பலருக்கு வள்ளத்தில் கற்பிட்டி வரை கடற்பிரிவு. வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள். பொஸ்டனில் 30,000 பேர் அளவில்தான் ஓடுகிறார்கள்.

உங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு நிகராக எங்களுக்கும் வழியில் சோதனை நடந்தது. பைகளைக் குடைந்தார்கள். பெண்களின் காதுத் தோடுகளைக் கழற்ற வைத்தார்கள். தோடு போட்டால் வேகம் கூடும் போலிருக்கிறது. தண்ணீரும் சோறும் தந்தவர்கள் புத்தளத்து மக்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். அந்த நன்றியை இங்கே பதிந்துகொள்கிறோம்.

இறக்க விதியில் நாங்கள் பாஸ். யாழ்ப்பாணமும் கடலோரம், நாங்கள் ஓடி வந்து சேர்ந்த புத்தளத்துத் தில்லையடியும் கடலோரம். கல்வீட்டிலிருந்து கிடுகுக் கொட்டிலுக்கு இறங்கியதை அளக்க உங்களிடம் விதி இல்லை.

தூர விதிதான் இடிக்கிறது. அதன்படி ஓட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால், தொடங்கிய இடத்தை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். முயலாமல் இல்லை. 2002இல் புலிகளே வருத்தம் தெரிவித்தார்கள். 2009இல் போர் முடிந்தது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, எங்களுக்கு நிலையான தீர்வு காண விசேட குழுவொன்றைப் பரிந்துரைத்தது. பாதை திறந்துவிட்டது என்று பலர் ஓடினார்கள். மன்னாரின் முசலியில், மரிச்சுக்கட்டிப் பக்கம், இருபது வருடமாக வளர்ந்த பற்றையை வெட்டினால் வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல். ஓடுபாதையை வனமென்று வர்த்தமானியில் போட்ட பிறகு எங்கே ஓடுவது?

அங்கே கந்தோருக்குப் போனால், “நீங்கள்தான் புத்தளத்தில் வீடு கட்டிவிட்டீர்களே” என்கிறார்கள். இங்கே கந்தோருக்குப் போனால், “உங்கள் பதிவு வடக்கில்தானே” என்கிறார்கள். வாப்பாவின் காணி உறுதியில் கிழக்கு எல்லை கிணறு, மேற்கு எல்லை முருங்கை. கிணறு தூர்ந்துவிட்டது, முருங்கை பட்டுவிட்டது. எல்லையைக் காட்டு என்கிறார்கள்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது:

1. எங்கள் முடிவுக்கோட்டை எங்காவது ஓரிடத்தில் வரைந்து தாருங்கள்.

2. தில்லையடியில் பிறந்த பிள்ளைகள் ஓட்டக்காரரா, பார்வையாளரா என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இங்கே அவர்களை இன்னும் ‘அகதிப் பிள்ளை’ என்பவர்கள் உண்டு.

3. இவை முடியாதென்றால், தகுதிநீக்கம் செய்துவிட்டோம் என்று ஒரு கடிதமாவது அனுப்புங்கள். முத்தாய்க்குக் காரணம் சொன்னீர்கள். எங்களுக்கு ‘இல்லை’ என்பதைக்கூட எவரும் எழுத்தில் தந்ததில்லை.

இப்படிக்கு,
மார்பில் எண் இல்லாத ஓட்டக்காரர்கள்,
தில்லையடி, புத்தளம்.

பி.கு.: பதிவுக் கட்டணம் கேட்டு எழுத வேண்டாம். அதைத் தோடுகளாக முன்கூட்டியே செலுத்திவிட்டோம். பற்றுச்சீட்டுத்தான் இன்னும் வரவில்லை.