ஆறு பேர் சேர்ந்தால்தான் கதவு

கேள்வி: 'டெஸ்டினி' விளையாட்டில் சுடுவதுதானே வேலை? அதைத் தனியாகச் செய்தால் ஆகாதா? எதற்கு ஒரு பொது உலகம்?

பதில்: சுடலாம். ஊர்த்தேரைத் தனியாக இழுக்க முடியுமா?

'ஹேலோ'வை உருவாக்கிய அமெரிக்காவின் பஞ்ஜி நிறுவனத்தின் படைப்பாக 2014 செப்டம்பரில் வெளிவந்த விளையாட்டு இது. மனிதகுலம் சரிந்தபின் எஞ்சிய கடைசி நகரம், அதன் தலைக்கு மேலே 'டிராவலர்' என்ற பெரிய வெள்ளைக் கோளம். நீங்கள் அந்த நகரத்தின் காவலர். நிலவில் எதிரிக் கூட்டத்திடம் சிக்கித் திணறும்போது முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து கைகொடுப்பார். முடிந்ததும் ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெயர் கேட்கக்கூட நேரமிருக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

வெள்ளிக் கிரகத்தின் 'வால்ட் ஆஃப் கிளாஸ்' இன்னும் ஒருபடி மேல். ஆறு பேர் கொண்ட குழுவுக்கான சவால் அது. ஆள் சேர்த்துத் தரும் வசதியும் கிடையாது. நண்பர்களை நீங்களே கெஞ்சிக் கூத்தாடித் திரட்ட வேண்டும். ஒருவர் அசந்தால்கூட ஆறு பேரும் அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்க நேரலாம்! வாய்விட்டுப் பேசாமல் அங்கே ஜெயிப்பது பெரும்பாடு.

ஒரு வருத்தமும் உண்டு. 2020 நவம்பரில் இதன் தொடர்ச்சியான 'டெஸ்டினி 2'-இலிருந்து செவ்வாயையும் புதனையும் எடுத்துவிட்டார்கள். வாங்கிய புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய கிரகம் மட்டும் காணாமல் போகலாமா? அதைத் தவறு என்றே சொல்வேன்.