நாலு சேனல் நாதமுனி

இசையைக் காதால் கேட்பவர்கள் உண்டு. தொடையில் தாளம் போட்டு, பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கவிடாமல் கேட்பவர்கள் உண்டு. கண்ணால் கேட்கிறவரைப் பார்க்க வேண்டுமானால் வட ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் பின்லாந்து, ஸ்வீடன் நகரங்களில், ஐம்பதைத் தொடப்போகிற ஒருவர் பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகலில் எங்கோ வங்கியிலோ நகராட்சியிலோ மென்பொருள் பராமரிக்கிறவர். ராத்திரியில் இசையமைப்பாளர். அவருக்கு ஒரு பெயர் வேண்டும். நாதமுனி என்று வைத்துக்கொள்வோம். பின்லாந்துக்காரருக்கு இது பொருந்துமா என்று கேட்காதீர்கள். அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரைவிட இது எவ்வளவோ தேவலை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நாதமுனியின் திரையில் நாலு பத்திகள். ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணுமாக வரிகள் கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பட்டை அசையாமல் நிற்கும். அதற்குள் எந்த வரி நுழைகிறதோ அது ஒலிக்கும். நீங்கள் விருந்தாளியாகப் போயிருந்தால் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுவார். "இப்ப வருது பாருங்க, மூணாவது பத்தியில அந்த நாலு" என்பார். நாலு வரும், போகும். அவர் கண் கலங்கியிருக்கும். நாலு என்பது ஸ்வரத்தை நடுங்க வைக்கும் கட்டளை. மூன்று என்றால் இந்த ஸ்வரத்திலிருந்து அந்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போ என்று பொருள். நம் வித்வான்கள் குரு வீட்டில் தண்ணீர் இறைத்துக் கற்றுக்கொண்ட கமகத்தை இவர் மூன்று இலக்கத்தில் தட்டிவிடுகிறார் என்று யாராவது சொன்னால் டிசம்பர் சீசனில் கலவரம் வரும். ஆகவே நான் சொல்லவில்லை.

இந்த வகை மென்பொருளுக்கு ட்ராக்கர் என்று பெயர். 1987இல் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, கமடோர் அமிகா கம்ப்யூட்டருக்காக எழுதிய 'அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர்'தான் ஆதி. அமிகாவுக்குள் பவுலா என்று ஒரு சில்லு உண்டு. ஒரே சமயத்தில் நாலு குரலில் பேசும், அதுவும் 8 பிட் தரத்தில். எங்கிருந்தாவது ஒரு துண்டு ஒலியைப் பதிவுசெய்து கொடுத்தால் அதையே ஏற்றியும் இறக்கியும் எல்லா ஸ்வரத்திலும் வாசிக்கும். கடைக்கு வந்த மென்பொருளை ஐரோப்பியப் பையன்கள் பிரித்துப் போட்டார்கள், திருத்தினார்கள், ஆளுக்கொரு பெயரில் ஃப்ளாப்பியில் சுற்றுக்கு விட்டார்கள். 1989இல் நாய்ஸ்ட்ராக்கர், 1990இல் ப்ரோட்ராக்கர். 15 ஒலித்துண்டு என்றிருந்தது 31 ஆயிற்று. 'மாட்' என்று சொல்லப்படும் அந்த 31 துண்டுக் கோப்பைத் திறந்து 1080ஆவது பைட்டைத் தாண்டிப் பார்த்தால் 'எம்.கே.' என்று இரண்டு எழுத்து இன்றைக்கும் இருக்கும். அது யாருடைய இனிஷியல் என்பதைப் பற்றி நாதமுனி ஒரு மணி நேரம் பேசுவார். தப்பித்தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

நாலே குரல் என்பதுதான் இவருடைய கஷ்டம், இவருடைய சுகம், இவருடைய வாழ்நாள் பேச்சு. ஒன்று தாளத்துக்கு, ஒன்று பாஸுக்கு, ஒன்று பாட்டுக்கு. மிச்சம் இருப்பது ஒன்று. மேற்கத்திய இசையில் ஒரு கார்டு போட மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலித்தாக வேண்டும். என்ன செய்வது? அந்த மூன்றையும் ஒரே சேனலில் மாற்றி மாற்றி, விநாடிக்கு 50 தடவை ஒலிக்க விடுவது. காது ஏமாந்து மூன்றும் சேர்ந்து கேட்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொப்பளிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கொப்பளிப்பே பிற்பாடு ஒரு பாணியாகிவிட்டது. எதிரொலி வேண்டுமா? பாட்டின் இடைவெளிகளில் அதே ஸ்வரத்தைச் சத்தம் குறைத்து இன்னொரு முறை எழுதிவைத்தால் எதிரொலி. நினைவகம் போதவில்லையா? எல்பி ரெக்கார்டை 33க்குப் பதில் 45 வேகத்தில் ஓட்டிப் பதிவுசெய்துகொண்டு, வாசிக்கும்போது சுதியை இறக்கிவிடு, இடம் மிச்சம். இதையெல்லாம் நாதமுனி சொல்லும்போது, சம்பளத் தேதிக்கு முந்தின வாரத்தில் குடும்பம் நடத்திக் காட்டியவரின் பெருமிதம் அவர் முகத்தில் தெரியும். இத்தனைக்கும் அவருடைய மேஜையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் நூறு சேனலும் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சும்மா கிடக்கின்றன.

"நூறு சேனல் இருந்தா எதைப் போடறதுன்னு யோசிக்கணும். நாலு இருந்தா எதை எடுக்கறதுன்னு யோசிச்சாப் போதும்" என்று அவர் ஒருமுறை மனைவியிடம் விளக்கினார்.

"சாயந்தரத்திலேருந்து யோசிக்கறியே, எதை எடுத்தே?"

"ஹை-ஹாட்டை எடுத்தேன். திரும்பப் போட்டுட்டேன்."

அமிகாவில் முதல் சேனலும் நாலாவது சேனலும் இடது பக்கம் மட்டும் வரும். மற்ற இரண்டும் வலது பக்கம் மட்டும். ஹெட்போனில் கேட்டால் மிருதங்கம் ஒரு காதிலும் வீணை மறு காதிலுமாகத் தலை இரண்டாகப் பிளந்துபோகும். புதியவர்கள் நடுவாந்திரமாகக் கலந்து கேட்பார்கள். நாதமுனிக்கு அது பாவம். அதைவிடப் பெரிய விஷயம், சிவப்பு விளக்கு. அமிகா 500இன் பவர் விளக்கு, உள்ளே இருக்கும் ஒலி வடிகட்டியோடு இணைந்தது. வடிகட்டியை அணைத்தால் ஒலி பளிச்சென்று ஆகும், விளக்கு மங்கும். பாட்டு எழுதுகிறவர் ஒரு கட்டளையால் இதைச் செய்யலாம். ஆகவே நாதமுனி பாட்டு கேட்கும்போது ஒரு கண் திரையில், ஒரு கண் விளக்கில். காது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

கட்டளைகள் எல்லாம் பதினாறின் கணக்கில் இருப்பதால், அந்தக் கணக்கு நாளாவட்டத்தில் ரத்தத்திலும் ஏறிவிடுகிறது. 48ஆவது பிறந்தநாளில் கேக்கின் மேல் 30 என்று மெழுகுவர்த்தி வைத்தார். பொய் கிடையாது, பதினாறின் கணக்கில் 48 என்பது 30தான். அவருடைய மாமியார் மட்டும் அன்று முழுவதும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். 64 வயதில் 40 ஆகும். ட்ராக்கரில் அதுதான் உச்ச வால்யூம். அதற்கு மேல் ஏறாது.

இப்படிப்பட்ட மனிதர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று வழக்காடிய ஊரில் பிறந்தவரில்லை. 1994இல் ஸ்வீடனின் ட்ரைட்டன் குழு பிசிக்காக 'ஃபாஸ்ட்ட்ராக்கர் 2' வெளியிட்டது. 32 சேனல், அழகான திரை, மவுஸால் அழுத்தலாம். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்து ஜெஃப்ரி லிம் எழுதிய 'இம்பல்ஸ் ட்ராக்கர்' வந்தது. விசைப்பலகையைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்கிற சம்பிரதாயம். அன்று பிரிந்த வடகலையும் தென்கலையும் இன்றுவரை சேரவில்லை. "மவுஸைத் தொடறவன் இசைக்கலைஞனா?" என்பார் இவர். "உன் மென்பொருள்ல பாம்பு விளையாட்டு இருக்கா?" என்பார் அவர். நிஜமாகவே ஃபாஸ்ட்ட்ராக்கருக்குள் நிபிள்ஸ் என்ற பாம்பு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. கற்பனை வறண்டுபோகிற இரவுகளில் கைகொடுக்கும். பல இசையமைப்பாளர்களின் நிபிள்ஸ் ஆட்டம் அவர்களுடைய இசையைவிட வேகமாக முன்னேறியதாகச் சந்தேகம். அமிகாக்காரரோ இந்த இரண்டு பேரையும் மதம் மாறியவர்கள் என்று ஒதுக்கிவிட்டார். ரெனாய்ஸ் என்ற புதுக்கால ட்ராக்கரில் வேலை செய்கிறவர்களை மூன்று பேரும் சேர்ந்து ஒதுக்குகிறார்கள். 2020இல் போலந்துக் கம்பெனியொன்று ட்ராக்கரையே ஒரு பெட்டியாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அதை வாங்கியவர்கள் பணக்காரர்கள், அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை, கடன் கேட்கிறார்கள்.

பெயர்க் கதைக்கு வருகிறேன். இந்த உலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நம் ஊரில் சுஜாதா மனைவியின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார்; வீட்டிலும் நல்ல பெயர், வெளியிலும் நல்ல பெயர். நாதமுனி பெயர் சூட்டிக்கொண்டபோது அவருக்கு வயது 14. மனைவி வர இன்னும் காலம் இருந்தது. ஆகவே இருட்டு, நாகம், மரணம், விண்வெளி ஆகிய நாலையும் கலந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு முழங்கால் வலிக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்கும் மனிதரைக் கூட்டத்தில் எல்லாரும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மாற்றிக்கொள்ள வழியில்லை. அந்தப் பெயரில்தான் அவர் 1992இல் ஒரு போட்டியில் ஏழாவதாக வந்தார்.

போட்டி என்றால் சாதாரணமில்லை. ஈஸ்டர் விடுமுறையில் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ரிவிஷன் என்ற பெருங்கூட்டம் நடக்கிறது. பெரிய மண்டபம், நீள நீள மேஜைகள், வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர்கள். முன்னொரு காலத்தில் மேஜைக்கடியில் ஸ்லீப்பிங் பேக் விரித்துப் படுத்தவர்கள் இப்போது நல்ல மெத்தையுள்ள ஹோட்டலாகப் பார்த்து அறை எடுக்கிறார்கள். ஆனால் பாட்டை முடிப்பது மட்டும் அன்றும் இன்றும் கடைசி நாள், கடைசி மணி, மண்டபத்திலேயே. ஒரு வருஷம் கையில் இருந்ததே என்று கேட்டால், ஒரு வருஷமும் ஒலித்துண்டு தேர்ந்தெடுப்பதில் போய்விட்டது என்பார்கள்.

சொந்தக்காரர் யாராவது "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால் நாதமுனியிடம் தயாராக ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கால்வின் ஹாரிஸ் 2007இல் வந்த தன் முதல் ஆல்பத்தை அமிகாவில், ஆக்டாமெட் என்ற ட்ராக்கரில்தான் செய்தார். 'கேப்டன்' என்ற பெயரில் மாட் கோப்புகள் எழுதிய மார்க்குஸ் கார்லோனென் பின்னாளில் 'போயட்ஸ் ஆஃப் த ஃபால்' ராக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். 1993இல் ஃப்யூச்சர் க்ரூ குழுவின் 'செகண்ட் ரியாலிட்டி' என்ற கம்ப்யூட்டர் காட்சிப் படைப்புக்கு இசை தந்த இருவரில் ஒருவரான யோன்னே வால்டோனென், முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசைக்கோர்வை எழுதுகிறவராகிவிட்டார். 'அன்ரியல்', 'டியஸ் எக்ஸ்' விளையாட்டுகளின் இசை ட்ராக்கரில் பிறந்தது. இதையெல்லாம் கேட்ட சொந்தக்காரர், "சரி, நீ?" என்பார். அங்கேதான் பட்டியல் முடிகிறது.

2020இல் இந்தப் பேச்சுக்கும் ஒரு பதில் கிடைத்தது. இந்தக் கம்ப்யூட்டர்க் கலைக் கூட்டத்தை, டெமோசீன் என்று சொல்வார்கள், பின்லாந்து அரசு தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சவுனா நீராவிக் குளியல் இருக்கிற அதே பட்டியல். அன்றிலிருந்து நாதமுனியின் நடையே மாறிவிட்டது. பாத்திரம் கழுவிவைக்கச் சொன்னால், மரபுப் பணியில் இருக்கிறேன் என்கிறார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். ரிச்சி தெருவில் வாங்கிய சிடியிலிருந்து திருட்டு மென்பொருள் ஏற்றிய தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு. சீரியல் நம்பர் தருவதற்கென்று ஒரு சின்னஞ்சிறு ஜன்னல் திறக்கும். திறந்த கணமே அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி டிங்கிடி டிங்கிடி என்று ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பும். மேனேஜர் வருவதற்குள் ஸ்பீக்கரை அணைக்கப் பாய்ந்தோமே, அந்தப் பாட்டு பெரும்பாலும் ட்ராக்கர் பாட்டுதான். எத்தனையோ ஐரோப்பிய நாதமுனிகளின் படைப்பை நம்மவர்கள் இரண்டே விநாடி கேட்டு வாயை அடைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோப்புகளில் இன்னொரு விசேஷம், ஒளிவுமறைவு கிடையாது. எம்பி3 என்றால் கேட்கலாம், அவ்வளவுதான். ட்ராக்கர் கோப்பைத் திறந்தால் எந்த ஸ்வரம், எந்தக் கட்டளை, எந்த ஒலித்துண்டு எல்லாம் வரிவரியாக முன்னால் நிற்கும். அடுத்தவர் பாட்டைத் திறந்து பார்த்துத்தான் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். ஒலித்துண்டுகளை உருவிக்கொள்வதும் அப்படியே. திருடாதே என்று கோப்புக்குள்ளேயே எழுதிவைத்தவருடைய டிரம் பக்கத்து வீட்டில் திருடியதாக இருக்கும். எங்கே எழுதுவது? ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் பெயர் போட 22 எழுத்து இடம் உண்டு. 'பாஸ்', 'ஸ்நேர்' என்று எழுத வேண்டிய அந்த 31 வரியில்தான் பையன்கள் நண்பர்களுக்கு வணக்கம் சொன்னார்கள், எதிரிகளைத் திட்டினார்கள், கணக்குப் பரீட்சையைப் பற்றிப் புலம்பினார்கள். நாதமுனியும் எழுதியிருந்தார்.

அவருடைய பழைய பாட்டு ஒன்றை அவர் மனைவி ஒருநாள் யதேச்சையாகத் திறந்தார். பாட்டு ஓடவில்லை, பெயர்ப் பட்டியல்தான் திறந்தது.

"இது என்ன, வரிக்கு வரி ஒரு பொண்ணு பேரு?"

"1991. பதினேழு வயசு."

"இவ்வளவு உருக்கமா எழுதுவியா நீ? அழிச்சிடேன் இதை."

"அழிக்கலாம். ஆனா முப்பது வருஷமா உலகம் பூரா பிரதி இருக்கு. ஆஸ்திரேலியாவுல கூட வச்சிருக்காங்க."

மனைவி கொஞ்ச நேரம் 31 வரியையும் படித்துக்கொண்டிருந்தார். "பத்தொன்பதாவது வரியில ஏன் திடீர்னு நின்னுபோச்சு?"

"அங்கே கிக் டிரம். அவ அண்ணன் குடுத்தது. நன்றி சொல்லணுமில்லையா?"

"எனக்கு எத்தனை வரி எழுதியிருக்கே இதுவரைக்கும்?"

நாதமுனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்காலியை இழுத்து இன்னும் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மாட் கோப்புல 31தான் முடியும். ஃபாஸ்ட்ட்ராக்கர்ல எழுதினா 128 வரைக்கும் போகலாம். ஆனா அதுக்கு நான் கட்சி மாறணும்."