மியூனிக் கதைக்கு மாமியார் வாய்த்த வரலாறு

1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தியபோது ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் எழுதியவையும் தீயில் விழுந்தன. மனுசன் வீட்டில் பதுங்கவில்லை. நேரில் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். நெஞ்சழுத்தம் என்றால் அதுதான். அப்புறம் ஜெர்மனியில் எதையும் வெளியிடக் கூடாது என்று தடை. 1942இல் தடை கொஞ்சம் தளர்ந்த சமயம், சினிமாவுக்கென்று ஒரு கதையை யோசித்து வைத்தார். திரும்பவும் தடை வந்து படம் நின்றுபோனது. ஹிட்லர் போய்ச்சேர்ந்த பிறகு, 1949இல் அதே கதை குழந்தைகள் நாவலாக வந்தது.

கதை இதுதான். வியன்னாவில் அப்பாவோடு ஒருத்தி, மியூனிக்கில் அம்மாவோடு ஒருத்தி. ஏரிக்கரை விடுமுறை முகாமில் இரண்டும் சந்திக்கின்றன. ஒரே மூஞ்சி! இரட்டைப் பிறவிகள் என்று தெரிந்ததும், பெரியவர்களுக்குச் சொல்லாமல் ஆள் மாறி வீட்டுக்குப் போகின்றன. கடைசியில் அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்து வைக்கின்றன.

அப்பனும் ஆத்தாளும் ஏன் பிரிந்தார்கள்? கெஸ்ட்னர் கதையில் அப்பா இசை அமைப்பாளர். வீட்டில் ரெட்டைக் குழந்தைகள் அழுதால் பாட்டு வராது என்று தனி ஜாகை பிடித்தார். அத்தோடு குடும்பம் முடிந்தது. 1961இல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தபோது கதை பாஸ்டனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடி போனது. ஹேலி மில்ஸ் ஒருத்தியே இரண்டு பேராக நடித்தார். அதில் வில்லி, அப்பாவின் பணத்துக்கு வலை வீசும் இளம்பெண். ஆக, எந்த நாட்டுக்குப் போனாலும் குழந்தைகள் அப்படியே இருக்கும், குற்றவாளியை மட்டும் அந்தந்த ஊரில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாம் சும்மா இருப்போமா? 1965இல் ஏவி.எம். ‘குழந்தையும் தெய்வமும்’ எடுத்தது. எழுதியவர் ஜாவர் சீதாராமன். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட பானர்மேன் துரையாக வந்தாரே, அவரேதான். இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இவர்கள் இருவரும் கோயமுத்தூர் கந்தன் கம்பெனியில், ஒருவர் லேபிலும் ஒருவர் எடிட்டிங் மேசையிலுமாகத் தொழில் பழகி ஜோடி சேர்ந்தவர்கள். ‘பராசக்தி’யும் ‘ரத்தக்கண்ணீ’ரும் எடுத்த கைகள். ஜெர்மன் சரக்கை நம்ம பக்கத்து ஆட்கள் பிரித்து மேய்ந்தார்கள் என்று கோவையை ஒட்டிய துடியலூர்க்காரன் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். தப்பில்லைங்க.

அவர்களுக்கும் அதே சிக்கல்: குற்றவாளி யார்? இசைக்கு அமைதி வேண்டும் என்று தமிழ் அப்பன் வீட்டை விட்டுப் போனால் தியேட்டரில் நாற்காலி பறக்கும். விவாகரத்தா? 1965இல் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஆபத்துக்கு உதவ மாமியார் இருக்கிறாரே! ஜி.வரலட்சுமியை நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். பணக்கார, அதிகார மாமியார். வாயைத் திறக்காத மாமனார். கர்வம் பிடித்த மகளாக ஜமுனா. வீட்டோட மாப்பிள்ளையாக மாட்டிக்கொண்ட ஜெய்சங்கர். அந்த வருடம்தான் சினிமாவுக்கே அறிமுகமான மனுசனுக்கு எடுத்த எடுப்பில் இந்தச் சோதனை. ரோசம் பொத்துக்கொண்டு வர, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொங்கு நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டோட மாப்பிள்ளை என்று சொன்னதுமே “அட, அவரு என்னங்க பண்ணுவாரு பாவம்” என்று பாதி அரங்கம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

இரட்டையராக நடித்தது குட்டி பத்மினி. இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இலேயே ‘உத்தமபுத்திர’னில் பி.யு.சின்னப்பாவை இரண்டாக்கிக் காட்டிவிட்டது. லென்சில் பாதியை மறைத்து ஒரு தடவை எடுக்க வேண்டும். பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு தடவை. கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு விழும். சின்னப்பாவாவது பெரிய ஆள். இங்கே ஒரு சின்னப் பெண், எதிரில் ஒருவரும் இல்லாத காற்றைப் பார்த்துச் சிரித்து, வம்பிழுத்து, வாயாட வேண்டும். அந்தப் பிள்ளை ஊதித் தள்ளியது. படம் தேசிய விருதும் வாங்கியது. தெலுங்குக்கும், 1968இல் ‘தோ கலியான்’ என்று இந்திக்கும் போனது. அங்கே நீத்து சிங் குழந்தையாக இரட்டை வேடம் கட்டினார். மாமியாரும் கூடவே ரயிலேறினார்.

ஆனால் இந்தக் கதை துடியலூரில் நடக்காது. ஆள் மாறிய பிள்ளை மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறது என்று வையுங்கள். பூக்காரம்மா பார்த்தவுடன், “ஏங்கண்ணு, நேத்து வலதுபக்கம் வகிடு எடுத்திருந்தே, இன்னைக்கு இடதுபக்கமா இருக்குது?” என்பார். டியூகாஸ் கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்க வந்த சித்தி, “இது நம்ம பிள்ளை இல்லீங்க்கா, இதுக்குக் கன்னத்துல மச்சம் இருக்குது” என்று உறுதி செய்வார். விருந்தீஸ்வரர் கோயிலில் இருக்கும் அப்புச்சிக்குச் சேதி போய், பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இடைவேளைக்கு முன்னாலேயே சுபம் போட வேண்டியதுதான்.

கிண்டல் இருக்கட்டும். கெஸ்ட்னர் நாவலில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். பெற்றோர் பிரிந்ததால் கஷ்டப்படும் குழந்தைகள் நிறைய உண்டு. பெற்றோர் பிரியாததால் கஷ்டப்படும் குழந்தைகளும் நிறைய உண்டு என்பது அதன் சாரம். குழந்தைகள் புத்தகத்தில் இதைப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு அவர் முன்கூட்டியே கொடுத்த பதில் அது. நம் ஆட்கள் முதல் பாதியை எடுத்து, மாமியாரைத் திருத்தி, ஜோடியைச் சேர்த்து வைத்து, கண்ணைத் துடைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் குறையொன்றும் இல்லை, நல்ல படம்தான். இரண்டாம் பாதியை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டார்கள். அதைக் குழந்தைகளுக்குச் சொல்லும் தைரியம் 1949இல் ஒரு ஜெர்மன்காரருக்கு இருந்தது. நம் குடும்பப் படங்கள் அதற்குப் பதிலாக இன்னொரு மாமியாரைத் தேடிக்கொண்டிருக்கின்றன.