ஜொகூரில் இளவேனில்: பேரப்பிள்ளைகளை முன்வைத்து ஒரு பருவவியல் ஆய்வு

தமிழ் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டா ஜொகூர் மாநிலத்தில் செல்லுபடியாகுமா என்பதே இவ்வாய்வின் சிக்கல். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான தஞ்சோங் பியாய் இங்கே பொந்தியான் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நிலநடுக்கோடு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். குளுவாங் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. சித்திரை மாதம் என்றால் காலையில் புழுக்கம், மூன்று மணிக்கு இடி, நான்கு மணிக்கு மழை, அந்தி சாய்ந்தால் கொசு. தென்றல் என்று எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேசை விசிறியைத்தான் காட்ட வேண்டும். குயில் உண்டு, ஆனால் அது பஞ்சாங்கம் பார்த்துக் கூவுவதில்லை.

அற்றேல் ஜொகூரில் இளவேனிலே இல்லையோ எனின், இருந்தது, வெட்டிவிட்டார்கள் என்க.

சான்று கேட்பவர்கள் 1876-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவில் நின்ற பால் மரங்களில் பெரும்பாலானவை அந்த வம்சம். சொந்த ஊரில் வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் பழக்கத்தை இந்த மரம் இங்கே குடிவந்த பிறகும் விடவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் மழை சற்று ஓய்ந்ததும் தீம்பார் என்ற பால் மரக் காடு முழுக்க ஒரே சமயத்தில் இலை காய்ந்து கொட்டும். சில வாரம் குச்சி குச்சியாக நிற்கும். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் செம்பு நிறத்தில் தளிர்.

இதுதான் ஜொகூரின் அசல் இளவேனில். இத்தனைக்கும் இதை ரசித்தவர்கள் குறைவு. காரணம், தளிர் விடும் காலத்தில் மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். தளிரில் பூஞ்சை விழுந்துவிட்டால் கந்தகப் பொடி தூவ ஆள் பிடிக்க வேண்டும். மாங்குயில் கூவ வேண்டிய மாதத்தில் தோட்டத்துக் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கூவினார். இலக்கியத்தில் இளவேனில் பிரிந்தவரை வாட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே சேர்ந்திருந்தவரையும் வாட்டியது.

பிறகு அதுவும் போயிற்று. பால் மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனையை நட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் பனைக்கு ஊரெல்லாம் கூடி இலையுதிர்க்கிற பழக்கம் கிடையாது; வருடம் பூராவும் ஒரே பச்சை, வருடம் பூராவும் குலை. தொடக்கத்தில் இங்கே அதற்கு ஒரு குறை இருந்தது. மகரந்தம் சரியாகச் சேராததால் ஆட்களை வைத்துக் கையாலேயே பொடி தூவ வேண்டியிருந்தது. 1981-இல் காமரூன் நாட்டிலிருந்து ஒரு கூன்வண்டை வரவழைத்து, இதே குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டார்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரிதான அந்த வண்டு அன்று முதல் ஞாயிறு, தீபாவளி என்று பாராமல் வேலை செய்துவருகிறது. இளவேனில் காலத்தில் கரும்பு வில்லோடு புறப்படும் மன்மதனின் பணியிடம் ஜொகூரில் அத்தோடு காலாவதியாயிற்று. பருவமே தேவையில்லாத ஊழியன் கிடைத்த பிறகு யார் பருவத்துக்குக் காத்திருப்பார்கள்?

அந்த வெற்றிடத்தைப் பேரப்பிள்ளைகள் நிரப்பினார்கள் என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கோட்பாடு.

ஆய்வுக்களம் குளுவாங்குக்கும் ரெங்கத்துக்கும் இடையே, செம்பனையை ஒட்டிய ஒரு பலகை வீடு. ஆய்வாளர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் ஏற்றிப் பழகிய கை, எதைக் கண்டாலும் எழுதி வைக்காமல் விடாது. ஆய்வுப் பொருள்கள் மூவகைப்படும்: கோலாலம்பூர்ப் பேரன்கள், ஜொகூர் பாரு பேத்திகள், நடை பழகி ஓட்டம் பழகாத கடைக்குட்டி. ஆய்வாளரும் ஆய்வுப் பொருள்களும் ஒரே பாயில் படுத்து எழுந்ததால் நடுநிலை ஓரளவு கெட்டிருக்கலாம். பதிவேட்டின் சில பக்கங்களில் டைனோசர் வரையப்பட்டிருப்பதற்கும் அதுவே காரணம்.

மறுப்போர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது இளவேனில் அல்ல, வெறும் பள்ளி விடுமுறை" என்பார். அவருக்கு விடை: பருவம் என்பது சூரியனால் நடப்பது என்று யார் சொன்னது? இங்கே அது புத்ராஜெயாவில் கல்வி அமைச்சு போடும் அட்டவணையால் நடக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி ஆண்டை மார்ச்சுக்குத் தள்ளினார்கள் அல்லவா? அதனால் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் நீண்ட விடுமுறை பிப்ரவரி, மார்ச்சில் வந்து விழுந்தது. அதாவது, எஞ்சியிருக்கும் பால் மரங்கள் இலை மாற்றும் அதே வாரங்களில் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அதிகாரிகள் பால் மரத்தைக் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. எப்படியோ, மரத்தின் இளவேனிலும் மனிதரின் இளவேனிலும் சேர்ந்து நடந்த அபூர்வ காலம் அது. 2023 மார்ச் தொடக்கத்தில் யோங் பெங், லாபிஸ் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்து அந்த இளவேனிலைப் பாதி மூழ்கடித்தது தனிக்கதை. 2026-இல் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரிக்கே திரும்பிவிட்டது. மரம் மட்டும் பிப்ரவரியிலேயே நிற்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வார விடுமுறை. 2014 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு. இதன் விளைவை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். ஜொகூர் பாரு பேத்திகள் வியாழன் இரவே வந்து, வெள்ளி முழுக்க "அவங்க எப்ப வருவாங்க?" என்று வாசலில் நிற்பார்கள். கோலாலம்பூர்ப் பேரன்கள் வெள்ளி வேலை முடிந்து புறப்பட்டு, ஆயர் ஈத்தாம் டோலைத் தாண்டி வரும்போது நள்ளிரவு, இவர்கள் தூங்கியிருப்பார்கள். சனிக்கிழமை விடிந்ததும் சந்திப்பு, பத்து மணிக்கு முதல் சண்டை, பகல் சோற்றுக்குள் சமாதானம். மாலை ஆறு மணிக்குப் பேத்திகள் கிளம்ப வேண்டும், மறுநாள் ஞாயிறு அவர்களுக்குப் பள்ளி. ஆகப் பதினோரு ஆண்டுகள் இவ்வீட்டில் இளவேனில் சனிக்கிழமை உதித்துச் சனிக்கிழமையே அஸ்தமித்தது. சிங்கப்பூருக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகும் மருமகனின் நிலை இன்னும் மோசம்: பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வெள்ளியில் அவர் வேலையில், அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றில் பிள்ளைகள் பள்ளியில். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. இது நிர்வாகச் சீர்திருத்தம் என்று பத்திரிகைகள் எழுதின. வானியல் நிகழ்வு என்பது இவ்வாய்வின் துணிபு.

இனி, அந்த நாட்களில் என்னதான் நடக்கிறது என்ற கேள்வி. ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் முதல் கண்டுபிடிப்பு.

நகரத்துப் பிள்ளை கம்பத்து மண்ணில் கால் வைத்ததும் கேட்பது, "தாத்தா, இது கடிக்குமா?" மரவட்டையைப் பார்த்தும் அதே கேள்வி, தவளையைப் பார்த்தும், கோழிக்குஞ்சைப் பார்த்தும். "நீ கடிக்காம இருந்தா அதுவும் கடிக்காது" என்பது மரபுவழி விடை. ரம்புத்தான் குலை ஒன்றுக்கு மட்டும் இந்த விடை பொருந்தவில்லை. உள்ளே சிவப்பெறும்பு குடியிருந்தது.

சாமான் கடைக்கு ரொட்டி வாங்கப் போகும் நடையும் ஆராயப்பட்டது. தனியாகப் போனால் ஊற்றி வைத்த காப்பி ஆறுமுன் திரும்பிவிடலாம். கடைக்குட்டியோடு போகும்போது கணக்கு மாறுகிறது. வழியோரத் தொட்டாச்சிணுங்கியை அவள் ஒரு விரலால் தொட வேண்டும். இலைகள் ஒவ்வொன்றாக மடிந்து, காம்பும் தொங்கியதும் கைகொட்ட வேண்டும். அது மீண்டும் விரியும்வரை பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். விரிய அதற்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். விரிந்ததும் மறுபடி தொட வேண்டும். ஆகவே பயண நேரம் தூரத்தைப் பொறுத்ததன்று, வழியிலுள்ள செடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பொறியியல் கல்லூரிகள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்து ரப்பர் கொட்டை. வீட்டின் பின்னால், ஓடையோரம் யாரும் தள்ளாமல் விட்ட பால் மரங்கள் சில உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் விடுமுறையில் வெயில் ஏறியதும் காய்கள் பட்டென்று வெடித்து, காய்க்கு மூன்றாகக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும். பேரன்கள் முதலில் யாரோ கல்லெறிகிறார்கள் என்று உள்ளே ஓடினார்கள். பழுப்பில் சாம்பல் புள்ளி தெளித்த அந்த வழவழப்பான கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் முழங்கையில் வைத்தால் சுரீர் என்று சுடும். இந்தத் தொழில்நுட்பத்தைத் தாத்தா மூத்தவனுக்குக் கற்பித்தார். மூத்தவன் அதை உடனே இளையவன் மேல் செயல்படுத்திப் பார்த்தான். இளையவன் அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு கொட்டையைத் தேய்க்கத் தொடங்கினான். அறிவு பரவும் விதம் இதுவே. பாட்டி தாத்தாவைத் திட்டியது பதிவேட்டில் சேர்க்கப்படவில்லை.

பாட்டியின் ஆய்வுமுறை வேறு. பிள்ளைத்தமிழில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தில் புலவர்கள் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் கையாள்வார்கள். அந்த நான்கும் ஜொகூரில் பிள்ளைகளைக் குளிக்க அழைப்பதற்கு இன்றும் வழக்கில் உள்ளன. "என் தங்கம்ல, வாய்யா" என்பது சாமம். "குளிச்சா மைலோ ஐஸ்" என்பது தானம். "தம்பி குளிச்சிட்டான் பாரு, அவந்தான் நல்ல புள்ள" என்பது பேதம். நான்காவது, "உங்கப்பனுக்கு போன் போடவா?" இலக்கணப் புலவர்கள் மேலும் ஆராய வேண்டிய ஒன்று: நிலவு எந்தப் பிள்ளைத்தமிழிலும் கடைசிவரை இறங்கி வருவதில்லை. பிள்ளைகள் மூன்றாவது உபாயத்திலேயே வந்துவிடுகிறார்கள்.

இதுவரை வந்த சான்றுகளுள் ஒன்றுக்கு மட்டும் விளக்கம் கிடைக்காமல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி பால் வெட்டி ஓய்ந்தவர். தன் பேத்தி காலையில் தூங்கி எழுவதைப் பார்ப்பதற்காகவே ஐந்து மணிக்கு எழுந்து கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். பேத்தி எழுவதோ ஒன்பது மணிக்கு. இத்தனை நேரம் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எம் புள்ளைங்க எந்திரிக்கிறத நா பாத்ததே இல்ல" என்றார். பழைய செக்ரோலை நினைவில் புரட்டினால் கணக்கு புரிகிறது. விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. அதற்கும் முன்னால் தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓட வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளை எழுந்து, தின்று, அழுது, விளையாடி, பாதி நாளைக் கழித்திருக்கும். பெற்ற பிள்ளைகளின் காலைப் பொழுது அத்தனையும் அந்தக் கணக்கில் பற்று. வரவு வைக்க இடம் கிடைத்தது பேத்தி வந்த பிறகுதான். ஒன்றும் நடக்காத நாளில் இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் வெளியூர் அறிஞர்கள், தோட்டத்தில் வேலை நேரம் என்னவாக இருந்தது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஞாயிறு பிற்பகல் கார் கிளம்பி, கை காட்டி முடிந்து, வீட்டுக்குள் திரும்பியதும் ஒரு மகிழ்ச்சி வருகிறது. அது சிறிதன்று. ரிமோட் கைக்குக் கிடைக்கிறது, மின்விசிறிக்கு நேர் கீழே பாய் கிடைக்கிறது, முதுகு நிமிர்கிறது. இதைப் பெரும்பாலான தாத்தாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இலக்கண மரபில் இளவேனிலை அடுத்து வருவது முதுவேனில். வெயில் காலத்துக்கும் ஓய்வு வேண்டாமா?

ஆய்வின் பயன்பாடு குறித்து ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பும் பெற்றோர்கள், துணிப் பைக்குள் பயிற்சிப் புத்தகங்களைத் திணித்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-லேயே ரத்து செய்துவிட்டார்கள்.