பிஎஸ்எல்இ கணக்குக்கு ஏஐ வாத்தியார்: பெற்றோருக்கான முழுமையான கையேடு

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதவிருக்கும் தொடக்கநிலை 6 பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். செப்டம்பர் வந்தால் அந்த வீட்டுத் தொலைக்காட்சி ஊமையாகிவிடும். தீபாவளிக்கு உடுப்பெடுக்க தேக்கா பக்கம் போவதுகூட ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போகும். நல்ல துணைப்பாட ஆசிரியருக்கு நேரம் இருக்காது. நேரம் இருப்பவரின் கட்டணம் நமக்குக் கட்டாது. இந்த நேரத்தில்தான் நள்ளிரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்காத ஏஐ வாத்தியார் வந்து சேர்ந்திருக்கிறார். பிள்ளையின் மூளைக்கு எள்ளளவும் தேய்மானம் இல்லாமல் அவரைப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வயதைச் சரிசெய்யுங்கள்

சாட்ஜிபிடி போன்ற சேவைகளின் நிபந்தனையில், பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கும். உங்கள் பிள்ளைக்கு 12. ஆகவே இதுதான் முதல் கணக்கு: பிறந்த ஆண்டில் ஒன்றைக் கழித்தால் வயதில் ஒன்று கூடும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள். கழித்தலும் பழகும், நேர்மையும் பழகும்.

படி 2: பாடத்திட்டத்தைத் திறக்காதீர்கள்

“பிஎஸ்எல்இ கணக்கு ஐம்பது கொடு” என்று ஒரே வரியில் கேளுங்கள். எந்த ஆண்டுப் பாடத்திட்டம், எந்தத் தாள், கால்குலேட்டர் உண்டா இல்லையா என்றெல்லாம் சொல்லி வாத்தியாரைக் குழப்ப வேண்டாம். புதிய பாடத்திட்டம் 2026இல் தொடக்கநிலை 6க்கு வந்தபோது ‘வேகம்’ என்ற பாடம் உயர்நிலை 1க்குப் போய்விட்டது. ஆனால் பழைய தாள்கள் இணையத்தில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் படித்து வளர்ந்த வாத்தியார், உட்லண்ட்ஸிலிருந்து ஒரு காரையும் சாங்கியிலிருந்து ஒரு லாரியையும் கிளப்பிவிட்டு, இரண்டும் எத்தனை மணிக்குச் சந்திக்கும் என்று கேட்பார். சனிக்கிழமை முழுக்கப் பிள்ளை லாரி ஓட்டட்டும். தேர்வில் வராவிட்டால் என்ன, அடுத்த ஆண்டு வரும்.

படி 3: முழிக்க விடாதீர்கள்

இது கையேட்டின் உயிர்நாடி. 2021 தேர்வில் பிள்ளைகளைக் கலங்கவைத்து, பெற்றோரைப் பேஸ்புக்கில் பொங்கவைத்த நாணயக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஹெலன், ஐவன் இருவரிடமும் 50 காசும் 20 காசும் கலந்து, சம எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. 20 காசு நாணயங்கள் ஹெலனிடம் 64, ஐவனிடம் 104. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? அடுத்து, ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோ, ஒரு 50 காசு, ஒரு 20 காசைவிட 2.7 கிராம் கனம். ஐவனின் நாணயங்கள் எவ்வளவு எடை?

சும்மா விட்டால் பிள்ளை என்ன செய்யும்? “50 காசு எத்தனைன்னே சொல்லலையே!” என்று முழிக்கும். பென்சிலைக் கடிக்கும். 64ஐயும் 104ஐயும் கூட்டிப் பார்த்து அழிக்கும். தண்ணீர் குடிக்கப் போகும். திரும்பி வந்து ஒரே நீளத்தில் இரண்டு பட்டை போடும். மேல் பட்டையில் 64ஐக் குறிக்கும், கீழ்ப் பட்டையில் 104ஐக் குறிக்கும். நடுவில் 40 துருத்திக்கொண்டு நிற்கும். திடீரென்று கத்தும்: “அம்மா! ஐவன் 20 காசு வச்சிருக்கிற 40 இடத்துல ஹெலன் 50 காசு வச்சிருக்கா! மத்ததெல்லாம் ஒண்ணுதான்!”

அப்புறம் ஓட்டம்தான். ஒரு நாணயத்துக்கு 30 காசு வித்தியாசம் என்றால் 40க்கு 12 வெள்ளி, ஹெலனிடம்தான் அதிகம். எடைக்கும் அதே 40தான். 40ஐ 2.7ஆல் பெருக்கினால் 108 கிராம். 1,134இலிருந்து அதைக் கழித்தால் 1,026 கிராம், அதாவது 1.026 கிலோ. எத்தனை 50 காசு என்ற கேள்வியே தேவைப்படவில்லை.

இப்படி நடந்துவிட்டால் ஆபத்து. அடுத்த கணக்கிலும் தானே யோசிக்கலாம் என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடும். எனவே பென்சில் வாய்க்குப் போகும்போதே கைப்பேசியை எடுத்துக் கணக்கைப் படம் பிடியுங்கள். நொடியில் விடை வந்துவிடும், வரிவரியாக, வழுவழுவென்று. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு “ம், புரிஞ்சிடுச்சு” என்று சொல்லும். நம்பி அடுத்த கணக்குக்குப் போங்கள். நாணயத்தை எடுத்துவிட்டு ஆரஞ்சும் ஆப்பிளும் போட்டுக் கேட்டுப் பார்க்கும் விஷப் பரீட்சையில் இறங்காதீர்கள்.

படி 4: எக்ஸ், ஒய் வந்தால் கைதட்டுங்கள்

பட்டை வரைந்து கணக்குப் போடும் ‘மாடல்’ முறை 1980களில் இங்குள்ள கல்வி அமைச்சு வளர்த்தெடுத்தது. தெரியாத எண்ணைக் கண்ணால் பார்க்கும்படி வைப்பதுதான் அதன் நோக்கம். ஏஐ வாத்தியாருக்கு வரைவதைவிட எழுதுவது எளிது. சொல்லாவிட்டால் அவர் எக்ஸ், ஒய் என்று தொடங்கிவிடுவார். தொடக்கநிலை 6இல் ஒரே ஒரு எழுத்தை வைத்துத்தான் எளிய சமன்பாடு. இரண்டு எழுத்து, இரண்டு சமன்பாடு எல்லாம் உயர்நிலைப்பள்ளிச் சமாசாரம். அது அப்பாவுக்குத் தெரியும் என்பதுதான் முக்கியம். பொறியியல் படித்த அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, “அட, இவ்ளோதானே! பாரு கண்ணா” என்று தொடங்குவார். அரைமணி நேரத்தில் அப்பாவும் வாத்தியாரும் முப்படிச் சமன்பாடு வரை போயிருப்பார்கள். பிள்ளை எப்போது எழுந்து போனது என்று யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

படி 5: வாத்தியார் சொன்னால் சரி

அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்துத்தான் இவர் பேசுகிறார். அதனால் சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே கம்பீரத்தோடு சொல்வார். நாணயக் கணக்கின் 12 வெள்ளியைச் சந்தேகப்பட்டு “14 வெள்ளி இல்லையா?” என்று கேட்டீர்களானால், சில நேரம் பெண்வீட்டு மாமா போலத் தலையாட்டி, “நீங்கள் சொல்வதுதான் சரி, மன்னிக்கவும்” என்று 14க்கும் ஒரு விளக்கம் எழுதித் தருவார். பிள்ளையைக் கூப்பிட்டு எது சரி என்று சரிபார்க்கச் சொல்லாதீர்கள். எந்த விடை அதிகப் பணிவோடு வந்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஜோசியம் கேளுங்கள்

2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல்1 முதல் ஏஎல்8 வரை அடைவுநிலை தருகிறார்கள். 90ஐ எட்டினால் ஏஎல்1. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, மிக மோசமானது 32. தினமும் இரவு “என் மகனுக்குக் கணக்கில் ஏஎல் எத்தனை வரும்?” என்று வாத்தியாரிடம் கேளுங்கள். “தொடர்ந்து முயன்றால் ஏஎல்1 நிச்சயம் சாத்தியம்” என்பார். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சென்னையில் இருக்கும் பாட்டி இப்போதே கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிடுவார்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

“விடை சொல்லாதே. அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டு ஒரே ஒரு குறிப்பு கொடு” என்று வாத்தியாருக்குக் கட்டளையிடாதீர்கள். அவர் அப்படியே கேட்டு நடப்பார். பிள்ளை யோசிக்கும்படி ஆகிவிடும்.

பிள்ளை தப்பாகப் போட்ட தாளைப் படம் எடுத்து, “எந்த வரியில் தடம் மாறியது?” என்று கேட்காதீர்கள். தவறு என்பது அழிப்பானுக்கு உரியது. அதை உட்கார்ந்து பார்த்தால், வாரக்கணக்கில் பின்னம் பின்னமென்று அடித்துக்கொண்டது வீண், கேள்வியைச் சரியாகப் படிக்காததுதான் கோளாறு என்று தெரிந்துவிடும்.

“நீ ஒன்றும் தெரியாத மாணவன். என் மகள் உனக்குச் சொல்லித் தருவாள்” என்று வேடம் மாற்றிவிடாதீர்கள். சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிள்ளையை நிறுத்துவது கஷ்டம்.

எஸ்எல்எஸ் எனப்படும் கல்வி அமைச்சின் கற்றல் தளத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். பிள்ளையின் நிலைக்கேற்ப அடுத்த கேள்வியை மாற்றித் தரும் வசதி தொடக்கநிலை 5 கணக்குக்கு 2023இலேயே அதில் வந்துவிட்டது. பள்ளி ஆசிரியரும் பார்க்கலாம். ஆனால் இலவசம். காசு கட்டாத படிப்பு எப்படி மண்டையில் ஏறும்?

கடைசியாக, வாரம் ஒருநாள் எல்லாத் திரைகளையும் மூடிவிட்டு, வெறும் தாளும் பென்சிலும் கடிகாரமுமாகப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்காதீர்கள். தேர்வு அப்படித்தான் நடக்கும் என்பது உண்மைதான். அந்த ரகசியம் தேர்வு நாளில் தெரிந்தால் போதும்.

தேர்வு நாளில்

முதல் தாளுக்குக் கால்குலேட்டர்கூடக் கிடையாது. ஏஐ வாத்தியார் உங்கள் சட்டைப்பையில் வாயிலுக்கு வெளியே நிற்பார். கவலை வேண்டாம், இத்தனை மாதப் பயிற்சியில் நீங்கள் பிரமாதமாகத் தேறியிருப்பீர்கள். மாடல், விகிதம், சதவீதம் எல்லாம் உங்களுக்கு விரல்நுனியில். ஒரே சிக்கல், உள்ளே போவது நீங்கள் இல்லை. நவம்பரில் முடிவு வந்து திருப்தி இல்லையென்றால் மதிப்பெண்ணை மறுபரிசீலிக்க விண்ணப்பிக்கலாம். தேர்வு எழுதியவரை மாற்றக் கோரும் விண்ணப்பம் இன்னும் வரவில்லை.